கிட்டத்துச் சொந்தம்

செவ்வாய்க் கிரகத்துக்குக் குடியேறப் போகிறவர்கள் முதலில் காற்றுக்கும் தண்ணீருக்கும் வழி பார்ப்பார்கள் என்றுதான் நாம் நினைப்போம். செம்மண்குடியை அமைத்த நாலு குடும்பங்களும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போனவை. அவர்கள் எழுதி வைத்த சாசனத்தில் முதல் விதி, யார் யாரை என்ன முறை சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பதைப் பற்றியது. ஆக்ஸிஜன் ஒன்பதாவது விதியில்தான் வருகிறது. அதுவும் போனால் போகிறது என்று ஒரே வரியில்.

அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நாலு குடும்பங்கள் மூடிய கூடாரங்களுக்குள் உட்கார்ந்துகொண்டு, தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்து ஆறு தலைமுறையை ஓட்டினால் என்ன ஆகும்? எதிரே வருகிற ஆள் ஒரு வழியில் மாமா, இன்னொரு வழியில் அண்ணன், மூன்றாவது வழியில் பேரன். மாமாவைப் போய்ப் பேரனே என்று கூப்பிட்டுவிட்டால் அந்த வீட்டு விசேஷத்துக்கு ஏழு ஜென்மத்துக்கும் போக முடியாது. முறை சொல்லாமலே பேச்சை ஆரம்பிப்பது அதைவிடப் பெரிய மரியாதைக் கேடு.

இதற்காக வந்ததுதான் முறைசொல்லி. காதுக்குள் மாட்டிக்கொள்ளும் சின்னக் கருவி. எதிரே ஆள் தெரிந்ததும் அது ஊர் டேட்டாபேஸைப் போய்க் கேட்கும். இவருக்கு அவர் என்ன வேண்டும்? ‘மாமா’ என்று பதில் வரும். ‘வாங்க மாமா’ என்று நாம் ஆரம்பித்துக்கொள்ளலாம். அது சொன்னால் சொன்னதுதான், மேல்முறையீடு கிடையாது. கல்யாணப் பேச்சுக்கும் அதுதான் தீர்ப்பு. அத்தான் என்று சொன்னால் கட்டிக்கொள்ளலாம். அண்ணன் என்று சொன்னால் மறந்துவிட வேண்டியதுதான்.

ஆரம்பத்தில் கண் இமைப்பதற்குள் வந்துகொண்டிருந்த பதில், ஆறாம் தலைமுறையில் முக்கால் நிமிஷம் எடுத்தது. காலை வேளையில் நடைபாதைக்குப் போனால் வேடிக்கையாக இருக்கும். ஊரே ஜோடி ஜோடியாக நின்று ஒருவரைப் பார்த்து ஒருவர் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும், காதில் குரல் வருகிறவரைக்கும். ஜனங்கள் அதற்கும் பழகிக்கொண்டார்கள்.

தக்காளிப் பண்ணையில் குழாய் வெடித்த அன்றுதான் விஷயம் முற்றியது. காற்று பீறிட்டு வெளியே போவதைப் பார்த்த பையன் வால்வுக்காரரிடம் ஓடினான். ஓடிப் போய் அவர் எதிரே நின்று சிரித்தான். அவரும் சிரித்தார். முக்கால் நிமிஷம் கழித்துக் காதில் ‘சித்தப்பா’ என்று வந்த பிறகுதான், “சித்தப்பா, காத்து போகுது!” என்று அலறினான். அதற்குள் பண்ணை மொத்தமும் உறைந்துவிட்டது. ஆள் சேதம் இல்லை என்பது பையனுடைய அதிர்ஷ்டம்.

மறுநாளே ஊர்த்தலைவர் ஆவுடையப்பன் உலகம்மைக்கு ஆள் அனுப்பினார். உலகம்மைதான் ஊர் டேட்டாபேஸைப் பராமரிக்கிறவள். வேலையில் கெட்டிக்காரி, வாய் கொஞ்சம் நீளம். அடுத்த வாரம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சிதம்பரவேல், பனி தோண்டுகிற பொறியாளர். கல்யாணத்தன்று சாயங்காலமே துருவத்துப் பனிச் சுரங்கத்துக்கு அவன் வண்டி ஏற வேண்டும். கல்யாணம் ஆகியிருந்தால் அவளும் கூடப் போகலாம். தனியாகப் போனால் ஆறு வருஷத்துக்குத் திரும்ப முடியாது. ஆகையால் உலகம்மைக்கு அந்த வாரம் தலைக்கு மேல் வேலை. தலைவர் கூப்பிட்டால் போகாமல் முடியுமா?

“எதுக்கும்மா இம்புட்டு நேரம் எடுக்கு? இன்னும் பெரிய சர்வரா வாங்கிருவமா?” என்று கேட்டார் தலைவர்.

“சர்வர் என்ன பெரியப்பா பண்ணும்? ரெண்டு பேரு எதுக்க எதுக்க வந்தா, அவுக ரெண்டு பேரையும் சேக்குற எல்லா வழியையும் அது தேடுது. அப்பா வழி, அம்மா வழி, கொழுந்தியா வழின்னு ஆயிரம் இருக்கும். ஒவ்வொரு வழியும் என்ன முறை சொல்லுதுன்னு எண்ணிப் பாத்து, எது ஜாஸ்தியோ அதைச் சொல்லுது. ஊர்ல ஒரு கல்யாணம் நடந்தா வழி அத்தனையும் பெருகிப் போகுது.”

“இண்டெக்ஸ் போட்டா வேகமாயிரும்னு போன தடவை சொன்னியே?”

“போட்டாச்சே. ஆளைத் தேடுறது வேகமாயிட்டு. வழியை எண்ணுறதுக்கு இண்டெக்ஸ் என்ன செய்யும்? எண்ணித்தான் தீரணும்.”

“அப்ப எண்ணாத.”

மனுஷன் விளையாட்டாகச் சொன்னதில் விஷயம் இருந்தது.

“எண்ணாமலும் செய்யலாம். எந்த வழி ரொம்பக் கிட்டத்துல இருக்கோ, அது அகப்பட்டதும் சொல்லிட்டு நிப்பாட்டிரலாம். சட்டுன்னு வந்துரும். ஆனா பெரியப்பா, முறை மாறும். பெரும்பான்மை சொல்லுறதும் கிட்டத்து வழி சொல்லுறதும் ஒண்ணா இருக்காது.”

“கிட்டத்துச் சொந்தம்தான சொந்தம்? தூரத்துச் சொந்தத்தையெல்லாம் எண்ணிக்கிட்டுக் கிடந்தா காத்து போயிரும். சரி, சண்டைக்காரங்க வழியா வந்தா?”

“அதை இப்பவும் எடுக்காது. ரெண்டு பேருக்கு நடுவுல பேச்சு இல்லைன்னா அந்த வழி இல்லைன்னு சாசனத்துலயே இருக்கே.”

“பெறகென்ன? மாத்து.”

அன்று மத்தியானமே மாற்றிவிட்டாள். முறையைத் தேடும் க்வெரியில் பாதிக்கு மேல் வெட்டியெறிந்தாள். பத்து பேரை வைத்துச் சோதித்தாள். பதில் மின்னலாக வந்தது. அந்தப் பத்துப் பேரில் தன்னையும் மாப்பிள்ளையையும் சேர்க்க அவளுக்குத் தோன்றவில்லை. பந்தலுக்கு விளக்கு பொருத்துகிறவர்கள் வாசலில் வந்து நின்றதுதான் காரணம்.

செம்மண்குடி தலைகீழாக மாறியது. சர்வேயர் ஒருவருக்கு, மூன்றாம் வகுப்புப் படிக்கும் பயல் மாமாவாகிவிட்டான். பயல் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, சர்வேயர் நின்றபடி பதில் சொன்னார். தலைவரோடு இருபது வருஷமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்த எதிர்க்கட்சிக்காரர், தலைவருக்குப் பேரன் முறையில் வந்து விழுந்தார். ‘தாத்தா’ என்று அவர் வாயால் கேட்பதற்காகவே தலைவர் ஒரு நாளில் நாலு தடவை அவர் வீட்டு வழியாக நடந்தார். யாரும் குறை சொல்லவில்லை. வேகம் அப்படி.

மறுநாள் காலை நடைபாதையில் உலகம்மைக்கு எதிரே சிதம்பரவேல் வந்தான். கையில் தாலிக்கயிற்றுக்கு வாங்கிய மஞ்சள். கண் இமைப்பதற்குள் அவள் காதில் குரல் வந்தது.

‘அண்ணன்.’

அவன் காதிலும் ஏதோ வந்திருக்க வேண்டும். மஞ்சளைக் கீழே போட்டுவிட்டான்.

“உலகு, ஒனக்கு என்ன வந்துச்சு?”

“நீங்க மொதல்ல சொல்லுங்க.”

“தங்கச்சின்னு வருது.”

உலகம்மை அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். யோசிக்க யோசிக்கத் தன் மேலேயே கோபம் வந்தது. காரணம் அவளுக்குத் தெரியாததல்ல. அவளுடைய அம்மா பிரமநாயகியும் சிதம்பரவேலின் அம்மா வடிவும் அக்கா தங்கை. ரத்த உறவு கிடையாது. நாலு வயதில் அநாதையாய் நின்ற வடிவைப் பிரமநாயகியின் அம்மா கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்து, தன் மகள் என்று டேட்டாபேஸில் பதிந்துவிட்டாள். சிதம்பரவேலும் வடிவு பெற்ற பிள்ளை இல்லை, அவள் புருஷனின் மூத்தாள் பிள்ளை. ஆனால் டேட்டாபேஸுக்கு ரத்தமும் தெரியாது, பாசமும் தெரியாது. அம்மா, அம்மாவின் தங்கை, தங்கையின் மகன். அந்த வழியில் பார்த்தால் அண்ணன். மற்ற முந்நூறு வழிகளும் அத்தான் என்றுதான் சொல்லின, ஆனால் அவை தூரத்து வழிகள். இத்தனை நாளும் பெரும்பான்மை அந்த ஒற்றை வழியை அமுக்கி வைத்திருந்தது. அதை எடுத்து மேலே வைத்தவள் அவளேதான்.

தலைவரிடம் ஓடினாள். அவள் உள்ளே நுழைந்ததும் அவர் எழுந்து நின்றார். முகத்தில் எரிச்சல்.

“வாங்க சித்தி” என்றார்.

“என்ன பெரியப்பா இது?”

“ஏங்கிட்ட கேட்டா? நேத்துல இருந்து நீங்க எனக்குச் சித்தி. ஒக்காருங்க.”

பழையபடி மாற்றிவிடலாம் என்று அவள் கெஞ்சினாள். அவர் மறுத்தார். சித்தி என்பதால் மரியாதையாக மறுத்தார்.

“சித்தி, கேளுங்க. ஒங்க ஒரு கல்யாணத்துக்காக ஊரு காத்தைப் பணயம் வைக்க முடியுமா? அன்னைக்குத் தக்காளி, நாளைக்கு ஆளு.”

“எண்ணுறதையும் வேகமா எண்ண ஒரு வழி பண்ணுதேன். ஆறு மாசம் குடுங்க.”

“தாராளமா எடுத்துக்கிடுங்க. அதுவரைக்கும் அண்ணன் அண்ணன்தான்.”

ஆறு மாசத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சிதம்பரவேலின் வண்டி ஏழாம் நாள் கிளம்புகிறது. வடிவை மகள் என்று பதிந்த அந்த ஒரு வரியை மட்டும் அழித்துவிடு என்றான் அவன். அதை அழித்தால் வடிவு இந்த ஊரில் யாருக்கும் மகளில்லை, யாருக்கும் தங்கையில்லை என்றாகிவிடும். “அது எங்கையால நடக்காது” என்றாள் உலகம்மை. அவனும் தலையைக் குனிந்துகொண்டான்.

வழி சொன்னது வடிவுதான். விஷயத்தைக் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

“இதுக்கா அழுதுக்கிட்டுக் கிடக்கிய? பேச்சு இல்லைன்னா வழி இல்லைன்னு நீதானட்டி சொன்ன? நானும் அக்காவும் சண்டை போட்டா முடிஞ்சு போச்சு. தாலி ஏறுன பெறகு நீ அவனுக்குப் பொண்டாட்டி. அதைவிடக் கிட்டத்து வழி ஏது? சாயங்காலமே நாங்க ராசியாயிருவோம்.”

கேட்க சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் செம்மண்குடியில் சண்டையைப் பதிவதற்கும் விதிமுறை உண்டு. மொய் எழுதாமல் தப்பிக்க ஒரு காலத்தில் ஆளாளுக்குப் பொய்ச் சண்டை போட்டார்கள். அதன் பிறகு, நடைபாதையில் நாலு பேர் முன்னால் போட வேண்டும், காதுக் கருவிகள் குரலைக் கேட்டு, சண்டை உண்மைதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்று ஆகிவிட்டது. குரலில் ஓடும் நடுக்கத்தை வைத்து அவை கண்டுபிடித்துவிடும்.

பிரமநாயகியும் வடிவும் பக்கத்துப் பக்கத்து வீடு. மத்தியானச் சாப்பாடு தினமும் ஒன்றாகத்தான். ஊரில் சண்டை போடாத இரண்டு பெண்கள் உண்டென்றால் அவர்கள்தான். தண்ணீர் வரிசையில் ஊர் கூடி நிற்க, முதல் முயற்சி தொடங்கியது.

“ஏட்டி வடிவு, நீ ரொம்ப மோசமானவ!” என்றாள் பிரமநாயகி.

“ஆமாக்கா.”

“ஆமாங்காதட்டி. திருப்பித் திட்டு.”

“நீங்க மட்டும் என்ன? எனக்குக் காச்சல் வந்தப்ப பச்சத்தண்ணி குடிக்காம தலைமாட்டுலயே உக்காந்திருந்தியளே, யாரு கேட்டா ஒங்கள?” என்று ஆரம்பித்த வடிவுக்கு அதற்கு மேல் பேச முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிரமநாயகியும் துடைத்துக்கொண்டாள். வரிசையில் நின்றவர்கள் காதிலெல்லாம் ஒரே நேரத்தில் குரல் வந்தது.

‘சண்டை ஏற்கப்படவில்லை. பாசம் கண்டறியப்பட்டது.’

அடுத்தடுத்த நாட்களிலும் இதே கதை. கூட்டத்திலிருந்து ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ‘நகையைப் பத்திப் பேசு’, ‘மாமியாரை இழு’ என்று சத்தம் போட்டார்கள். பிரமநாயகி குடத்தைத் தூக்கித் தரையில் அடித்தாள். வடிவு ஓடிவந்து, காலில் பட்டதா அக்கா என்று குனிந்து பார்த்தாள். ‘பாசம் கண்டறியப்பட்டது.’

கல்யாணத்துக்கு முந்தின நாள் கடைசி முயற்சி. உலகம்மை ஓரமாக நின்றாள். அவளுக்குச் சாப்பாடு இறங்கி இரண்டு நாளாகிறது. வடிவு அவளைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டாள்.

“உள்ளதைச் சொன்னாத்தான் இந்த மிஷினு நம்பும் போல. அக்கா, நீங்க வைக்கிற ரசம் நல்லாவே இருக்காது.”

பிரமநாயகிக்குச் சிரிப்பு வந்தது. “இது நல்லாயிருக்கே. சொல்லு, சொல்லு.”

“கழுநித்தண்ணி மாதிரி இருக்கும். முப்பது வருசமா மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் குடிக்கேன்.”

பிரமநாயகியின் சிரிப்பு மெதுவாக நின்றது.

“நெசமாவா சொல்லுத?”

வடிவு கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்தாள்.

“ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கிக் குடிப்பியே?”

“சீக்கிரம் தீந்து தொலையட்டும்னுதான்.”

கூட்டத்தில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். பக்கத்தில் நின்றவர் அவன் தோளில் ஒன்று வைத்தார். பிரமநாயகியின் முகம் சிவந்துகொண்டே போனது.

“அப்பம் முப்பது வருசமா எம் முன்னால உக்காந்து பொய் சொல்லியிருக்க. இன்னும் என்னென்ன பொய்யோ! ஒன்னைய எங்க வீட்டுக்குள்ள சேத்ததே தப்புட்டி. எங்கம்மை அன்னைக்கு வாசலோட நிப்பாட்டியிருக்கணும்.”

வடிவு குடத்தைக்கூட எடுக்காமல் திரும்பி நடந்தாள்.

‘சண்டை ஏற்கப்பட்டது.’

கூட்டம் கை தட்டியது. தலைவர் விசில் அடித்தார். சிதம்பரவேல் எதிரே வந்து நிற்க, உலகம்மையின் காதில் ‘அத்தான்’ என்று வந்தது, முன்னெப்போதும் இல்லாத வேகத்தில். அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் தாலி ஏறியது. ‘கணவர்’ என்றது முறைசொல்லி. அட்சதை விழுந்த கையோடு உலகம்மை அம்மாவிடம் ஓடினாள்.

“அம்மா, எல்லாம் முடிஞ்சுட்டு. இனி சண்டை வேண்டாம். சித்திகிட்டப் போய்ப் பேசு.”

“எந்தச் சித்தி?” என்றாள் பிரமநாயகி.

சாயங்காலம் உலகம்மையும் சிதம்பரவேலும் வண்டி ஏறிவிடுவார்கள். அதற்குப் பிறகு இந்தப் பக்கத்து வீட்டில் ஒருத்தி, அந்தப் பக்கத்து வீட்டில் ஒருத்தி. நடுவில் ஒரு சுவர் மட்டும். தன் கல்யாணத்துக்கு இவ்வளவு பெரிய விலையா என்று நினைத்தபோது, மாலையைக் கழற்றி எறிந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழலாம் போலிருந்தது.

பந்தி போட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு, பெண்ணைப் பெற்றவள் தன் கையால் சமைத்த ஒன்றைப் பரிமாற வேண்டும் என்பது செம்மண்குடி வழக்கம். பிரமநாயகி வேண்டுமென்றே ரசம் வைத்திருந்தாள். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வடிவின் இலை முன்னால் வந்து நின்றாள். இரண்டு பேர் காதிலும் ஒரே நேரத்தில் வந்தது.

‘சம்பந்தி.’

அக்கா தங்கை என்ற வழி சண்டையில் அடைபட்டுவிட்டது. மகள், மகளின் புருஷன், அவன் அம்மா என்று புது வழி திறந்திருந்தது. அதுதான் இப்போது கிட்டத்து வழி. முறை வந்த பிறகு பேசாமல் நிற்பது மரியாதையில்லை.

“ரசம் ஊத்தட்டுங்களா, சம்பந்தி?” என்றாள் பிரமநாயகி. ஏட்டி என்று கூப்பிட்ட வாய்.

வடிவு இரண்டு கையையும் குவித்து நீட்டினாள். குடித்தாள். மாப்பிள்ளையின் அம்மா பந்தியில் எந்தக் குறையும் சொல்லலாம், இலையைக்கூட மூடலாம். யாரும் வாய் திறக்க முடியாது.

“எப்படி இருக்கு, சம்பந்தி?”

“நல்லா இல்ல, சம்பந்தி.”

“புளி ஜாஸ்தியோ?”

“எல்லாமே ஜாஸ்தி.”

பிரமநாயகி உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்த இலைக்கு நகரப் போனாள். நீட்டிய கையை வடிவு மடக்கவில்லை.

“இன்னொரு கை ஊத்துங்க.”

“எதுக்கு? சீக்கிரம் தீரணும்னா?”

வடிவு குனிந்து இலையைப் பார்த்தபடியே, பெரிய மனுஷத்தனமாகக் குரலை வைத்துக்கொண்டு கேட்டாள்.

“நாளைக்கு மத்தியானம் சாப்பாட்டுக்கு ஒங்க வீட்டுக்கு நான் வரலாமா, சம்பந்தி?”

நாலு வயதிலிருந்து அந்த வீட்டுக்குள் நுழைய அவள் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. பிரமநாயகி ஊற்றிய ரசத்தில் பாதி வடிவின் பட்டுச்சேலையில் விழுந்தது. இரண்டு பேரும் அதைத் துடைக்கவில்லை.

“அவுகவுக வீட்டுக்கு யாராவது கேட்டுக்கிட்டா வருவாக?” என்றாள் பிரமநாயகி. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “ஆனா ரசந்தான் வைப்பேன், பாத்துக்கிடுங்க.”